பசும்பால் ஒவ்வாமைக்கு எழுதிக்கொடுத்த ஃபார்முலாவைப் பாப்பா வாயில வைக்கவே மாட்டேங்குறா, வழி சொல்லுங்க

நிலாக்குட்டி அம்மா, கோயம்புத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு அஞ்சரை மாசம். எனக்குத் தாய்ப்பால் பத்தாததால ரெண்டாம் மாசத்துல இருந்தே டப்பாப் பாலும் சேர்த்துக் குடுத்தோம், இப்ப முழுக்க அதுதான். ரொம்ப நாளா மலத்துல சளி, நடுநடுவுல ரத்தக் கோடு. கன்னத்துலயும் முழங்கை மடிப்புலயும் செவந்து செவந்து சொறி. எடையும் ஏறல. டாக்டர் பார்த்துட்டு பசும்பால் புரத ஒவ்வாமைன்னு சொல்லி, எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு ஃபார்முலா எழுதிக் குடுத்தாங்க.

வாங்கிட்டு வந்துட்டோம். ஆனா குடிக்க மாட்டேங்குறா. முதல் சொட்டு நாக்குல பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கிறா, நாக்கு நுனியாலயே நிப்பிளை வெளிய தள்ளுறா, அப்புறம் உதட்டைத் திறக்கவே மாட்டா. திரும்ப வச்சா முதுகை வளைச்சுக்கிட்டு அழுகை. நானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். கசப்பும் புளிப்பும் சேர்ந்து தொண்டையிலயே நிக்குது. பழைய பாலைக் கண்டா மட்டும் கையை நீட்டுறா.

அத்தை "பச்சப் புள்ளையப் பட்டினி போடாத, கொஞ்சம் சர்க்கரையப் போட்டுக் குடு, இல்ல பழைய பாலையே குடு"ன்னு சொல்றாங்க. பாசத்துல சொல்றாங்க, தப்பே இல்ல. ஆனா எனக்கு ரெண்டு பக்கமும் பயமா இருக்கு. இதைத் தாண்டி வந்தவங்க இருந்தா சொல்லுங்க.

தேம்ஸ்கரை, லண்டன்

முதல்ல ஒன்று. உங்கள் மகள் அடம்பிடிக்கவில்லை. அந்தப் பால் உண்மையிலேயே கசப்புதான். பசும்பாலில் இருக்கும் கேசீன், வே புரதங்களை நொதிகளை வைத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். உடைந்தால்தான் குழந்தையின் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காணாது. அந்தத் துண்டுகளிலும் அமினோ அமிலங்களிலும் பல நாக்கில் கசக்கும், சில புளிக்கும்.

வயதும் ஒரு காரணம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மொனெல் மையத்தில் ஜூலி மெனெல்லா, கேரி பியூசாம்ப் ஆகியோர் இதையே பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். முதல் மூன்று, மூன்றரை மாதத்துக்குள் இந்தப் பாலைப் பழகிய குழந்தைகள் மறுபேச்சில்லாமல் குடிக்கிறார்கள். ஐந்து, ஆறு மாதத்துக்கு மேல் முதல்முறையாகக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் துப்புகிறார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: கைக்குழந்தையில் இந்தப் பாலைக் குடித்தவர்கள் நான்கைந்து வயதிலும் புளிப்புச் சுவையை மற்றக் குழந்தைகளைவிட விரும்பினார்கள். அதாவது பழகினால் பிடித்தே போகும். உங்கள் மகள் கொஞ்சம் பிந்தி ஆரம்பிக்கிறாள், அவ்வளவுதான். இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

எங்கள் மகனுக்கு உணவியல் நிபுணர் சொன்ன வழி, பழைய பாலோடு கலந்து மெல்ல மாற்றுவது. முதலில் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அது பழகினதும் பாதிக்குப் பாதி. பிறகு முக்கால் பங்கு புதியது. கடைசியில் முழுதும் புதியது. ஒவ்வொரு படியிலும் ஓரிரு நாள். இரண்டு பாலையும் அந்தந்த டப்பாவின் ஸ்பூன், அளவுத் தண்ணீர் வைத்துத் தனித்தனியே கரைத்துவிட்டு, அதன்பின் கலக்க வேண்டும். ஒரே பாட்டிலில் இரண்டு பொடியையும் கொட்டினால் அளவு தப்பிப் போகும். கலக்கிற நாள்களில் ரத்தமும் சொறியும் தொடரலாம், ஏனென்றால் ஒவ்வாத புரதம் இன்னும் உள்ளே போகிறது. அதனால் இதை வாரக்கணக்கில் இழுக்கக் கூடாது.

ஆனால் இதைச் செய்யலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது.

அடையாறு ஆலமரம், சென்னை

மேலே கடைசியாகச் சொன்ன வரியை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள். என் மகளுக்குப் பசும்பால் ஃபார்முலா குடித்த சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி. ஆம்புலன்ஸில் போனோம். இந்த வகைக் குழந்தைக்குப் பழைய பால் ஒரு சொட்டுகூடக் கூடாது, கலக்கிற பேச்சுக்கே இடமில்லை.

பால் குடித்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், மூச்சு இரைப்பு, திடீர் வாந்தி என்றால் அது உடனடி வகை. மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாகக் காட்டுவது இன்னொரு வகை: மலத்தில் ரத்தம், சளி, சொறி, ஓயாத எதுக்களிப்பு. தாமத வகையை ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ காட்டிக்கொடுக்காது. பால் குடித்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, வெளிறி, துவண்டு போகும் ஒரு கடுமையான வகையும் உண்டு. அதிலும் கலக்கவே கூடாது.

நிலாக்குட்டி அம்மா, உங்கள் குழந்தைக்கு எது என்று எழுதுங்கள்.

நிலாக்குட்டி அம்மா

ரெண்டு பேருக்கும் நன்றி. தடிப்பு, வீக்கம் எதுவும் இதுவரைக்கும் வந்ததில்ல. டாக்டர் தாமத வகைன்னுதான் சொன்னாங்க. கலக்கலாமான்னு நாளைக்கே ஃபோன் போட்டுக் கேட்டுடறேன்.

பச்சைமலை, பொள்ளாச்சி

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? பக்கத்துல வெள்ளாட்டுப் பால் கெடைக்குமே. எங்க ஊர்ல பசும்பால் ஒத்துக்காத கொழந்தைங்களுக்கு ஆட்டுப்பால்தான் குடுப்பாங்க. இல்லாட்டி நாட்டு மாட்டு ஏ2 பால். டப்பா வெலையும் மிச்சம்.

மாத்திரைப்பெட்டி, மதுரை

பச்சைமலை அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நான் மருந்துக்கடையில வேலை பார்க்கிறவன், இந்தக் கேள்வி எங்க கவுன்ட்டருக்கு அடிக்கடி வரும். இதை நான் அழுத்தியே சொல்லணும்.

ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதமும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. பசும்பால் ஒவ்வாமை இருக்கிற குழந்தைங்கள்ல பத்துல ஒம்பதுக்கும் மேல ஆட்டுப்பாலும் ஒத்துக்காது. எருமைப்பாலும் அப்படித்தான். ஏ2 பால்ல மாறுறது கேசீன்ல ஒரே ஒரு வகைதான். மத்த கேசீனும் வே புரதமும் அப்படியே இருக்கு. போதாக்குறைக்கு, ஒரு வயசுக்குள்ள எந்த மிருகப் பாலையும் முக்கிய உணவாக் குடுக்கிறதே சரியில்ல.

அடுத்தது லாக்டோஸ் இல்லாத ஃபார்முலா. நிறையப் பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. லாக்டோஸ்ங்கிறது பால்ல இருக்கிற சர்க்கரை. இந்தப் பாப்பாவுக்கு ஒத்துக்காதது பால்ல இருக்கிற புரதம். லாக்டோஸை எடுத்துட்டாலும் புரதம் முழுசா உள்ளதான் இருக்கு. டப்பாவுல ஹெச்.ஏ.ன்னு போட்டு வர்ற, பாதி மட்டும் உடைச்ச ஃபார்முலாவும் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு ஆகாது. சோயா ஃபார்முலாவை ஆறு மாசத்துக்கு முன்னாடி பரிந்துரைக்கிறதில்ல, அதுக்கப்புறமும் டாக்டர் சொன்னாத்தான். தாமத வகைக் குழந்தைங்கள்ல கொஞ்சம் பேருக்கு சோயாவும் சேராது.

ஆகக் கடையில நின்னுக்கிட்டு "இது இல்லைன்னா அதைக் குடுங்க"ன்னு மாத்தி வாங்காதீங்க. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதேதான்.

விலை விஷயத்துல அண்ணன் சொல்றது நியாயம். ஹைட்ரோலைஸ்டு டப்பாவே பாக்கெட்டைக் கடிக்கும், புரதத்துக்குப் பதிலா தனித்தனி அமினோ அமிலங்களை வச்சே செய்யுற அமினோ ஆசிட் ஃபார்முலா அதைவிடவும் ஜாஸ்தி. நம்ம ஊர்ல இதுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். அதனால ஒரே தடவையா நிறைய வாங்கி அடுக்காதீங்க. குழந்தை குடிக்குதான்னு தெரியுற வரைக்கும் ஒரு டப்பா போதும்.

தேம்ஸ்கரை

இங்கே டாக்டர் எழுதிக்கொடுத்தால் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே குடும்பங்கள் கைக்காசைப் போட்டு வாங்குவதைப் படிக்க மனசு கனக்கிறது. ஒவ்வொரு ஸ்பூன் பொடிக்கும் கணக்குப் பார்க்கிற வீட்டில், குழந்தை அதைத் துப்பும்போது அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று புரிகிறது. மறுக்கிற நாள்களில் 30 மில்லி, 40 மில்லி என்று சின்னதாகவே கரையுங்கள். கேட்டால் திரும்பக் கரைத்துக்கொள்ளலாம்.

பனைநிழல், டொரோண்டோ

வணக்கம். எங்கட மகனுக்கு ஏழாம் மாதத்திலதான் இந்தப் பால்மாவுக்கு மாத்தினது, உங்கட பிள்ளையை விடப் பிந்தி. போத்தலைக் கண்டாலே கத்திக் குளறுவான். அவர் இப்ப நல்லாச் சாப்பிட்டு ஓடித் திரியிறார், அதால நீங்கள் பயப்பிடாதேங்கோ.

எங்களுக்குச் சரிவந்ததைச் சொல்லுறன். ஒண்டு, வாசம். குடிக்க முன்னமே மணத்திலயே பிள்ளை முகத்தைத் திருப்பிப் போடும். நல்லாச் சூடாக்கினா மணம் கூட எழும்பும். கொஞ்சம் ஆறவிட்டு, அறைச் சூட்டில குடுத்தா மணம் குறையும். மூடியுள்ள கப்பில குடுத்தது இன்னும் நல்லா வேலை செய்தது. போத்தல் எண்டா அவருக்குப் பழைய பாலின்ர ஞாபகம், கப் எண்டா புதுச் சாமான்.

ரெண்டு, நேரம். நல்லாப் பசிச்சு அழேக்க குடுக்கக் கூடாது. பசி வரத் தொடங்கேக்க, கையை வாயில வைக்கிற நேரத்தில குடுக்கோணும். அரைத் தூக்கத்திலயும் குடிப்பினம். நித்திரையால எழும்பி முழுசா முழிக்க முன்னம்தான் எங்கட ஆள் ஆகக் கூடக் குடிச்சது.

மூண்டு, ஒரு பிராண்டைக் குடிக்கேல்லை எண்டா மற்றப் பிராண்டைக் குடிக்கக் கூடும். ருசி ஒண்டுக்கொண்டு வித்தியாசம். 2022இல அமெரிக்காவில மிச்சிகனில ஒரு தொழிற்சாலை பூட்டினாப் பிறகு கனடாவிலயும் இந்த ஒவ்வாமைப் பால்மாக்களுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. அப்ப கிடைக்கிறதைத்தான் குடுக்க வேண்டி வந்தது. டாக்டரிட்டக் கேட்டு அதே வகையில வேற பிராண்டுக்கு மாத்தினம். ஆள் புதுசை முந்தினதை விட விருப்பமாக் குடிச்சார்.

கீழத்தெரு ஆச்சி, காரைக்குடி

நான் ஒரு பாட்டி. என் பேரனுக்கும் இதேதான். கோயம்புத்தூர்ப் பொண்ணுக்கும் அவ அத்தைக்கும் சேர்த்தே எழுதுறேன்.

தாயி, ஒங்க அத்தை சொல்றது பழைய பாலுக்காக இல்ல, புள்ள வயிறு காஞ்சிருமேங்கிற பதைப்பு. அந்தப் பதைப்பை வேலையாக் குடுத்துருங்க. எங்க வீட்டுல மக குடுத்தா பேரன் குடிக்க மாட்டான், நான் குடுத்தா குடிப்பான். அவ மடியில அவனுக்குப் பழைய ஞாபகம். நான் பால்ப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு பாலாடையில, அதான் மூக்கு வச்ச சின்னக் கிண்ணத்துல எடுத்தேன். மடியில நல்லா நிமித்தி உக்கார வச்சு, கீழ் உதட்டுல பாலாடை மூக்கை ஒட்டி, கன்னத்து உள்பக்கமா சொட்டுச் சொட்டா. அவன் விழுங்கின பொறவுதான் அடுத்த சொட்டு. நாக்கு நுனியில ஊத்துனா அப்படியே துப்பிருவான். வாயைத் திருப்புனா நிறுத்திருவேன். மூக்கைப் பிடிச்சு ஊத்துறது, படுக்க வச்சு ஊத்துறது எல்லாம் வேணவே வேணாம், பொரை ஏறி நெஞ்சுக்குள்ள போயிரும்.

இன்னொன்னு. குடுக்கும்போது நம்ம மொகத்தைத்தான் புள்ள பார்க்கும். "ஐயோ கசக்குமே"ன்னு நெனச்சுக்கிட்டே குடுத்தா அது நம்ம மொகத்துல தெரியும். நான் பாட்டுப் பாடிக்கிட்டே குடுப்பேன்.

தேன் தொட்டு வைக்காதீங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகவே ஆகாது. கிரைப் வாட்டரும் வேணாம். நெய்யிலயும் கொஞ்சம் பால்ப் புரதம் ஒட்டியிருக்கும், பருப்பு சாதம் ஆரம்பிக்கும்போது அதையும் ஒதுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. செக்கு நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பெசஞ்சேன், சாப்பிட்டான்.

நிலாக்குட்டி அம்மா

ஆச்சி, அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணுமே சொல்லாம உள்ள போயி பாலாடையைத் தேடி எடுத்து வெந்நீர்ல போட்டுட்டாங்க.

டாக்டர் கலக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஒரு வாரத்துக்குள்ள முழுசா மாத்திடணும்னும் சொன்னாங்க. சர்க்கரை கண்டிப்பா வேணாமாம். வெனிலா எசென்ஸ் சேர்க்கலாம்னு எங்கயோ படிச்சேன், யாராவது செஞ்சிருக்கீங்களா?

தேம்ஸ்கரை

எங்கள் நிபுணரே அதைச் சொன்னார், ஆல்கஹால் கலக்காத வெனிலா, ஒரு பாட்டிலுக்கு ஓரிரு சொட்டு. சாதாரணக் கேக் எசென்ஸில் ஆல்கஹால் இருக்கலாம், அது வேண்டாம். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். குடிக்கப் பழகினதும் சொட்டைக் குறைத்து நிறுத்திவிடலாம். எங்களுக்கு இது பெரிதாக உதவியது என்று சொல்ல முடியாது, கலந்து மாற்றியதுதான் வேலை செய்தது. தெரிந்த இன்னொரு குடும்பத்தில் வெனிலாதான் கைகொடுத்தது. குழந்தைக்குக் குழந்தை மாறும்.

ராத்திரி ஷிப்ட் அப்பா, ஓசூர்

கரைக்கிறதைப் பத்தி யாரும் முழுசா எழுதலை, அதனால நான் எழுதறேன். எங்க வீட்டுல அது என் வேலை.

கசப்பு குறையட்டும்னு தண்ணியை அதிகமா விடக் கூடாது. சத்தும் உப்பும் நீர்த்துப் போகும், குழந்தைக்கு ஆபத்து. சீக்கிரம் எடை ஏறட்டும்னு பொடியைக் கூட்டவும் கூடாது. டப்பாவுக்குள்ள இருக்கிற ஸ்பூன்தான் அளவு, தலைதட்டின ஒரு ஸ்பூன், வேற டப்பா ஸ்பூன் ஆகாது. பால்பொடி கிருமியில்லாத பொருள் இல்ல, அதனால கொதிக்க வச்ச தண்ணி 70 டிகிரிக்குக் குறையாம இருக்கும்போது கரைச்சு, அப்புறம் ஆறவைக்கணும்ங்கிறது பொதுவான வழி. ஆனா சில ஹைட்ரோலைஸ்டு ஃபார்முலாவுல நல்ல பாக்டீரியா சேர்த்திருப்பாங்க, அதை ஆறின தண்ணியில கரைக்கச் சொல்லி டப்பாவுலயே போட்டிருக்கும். அப்படி இருந்தா டாக்டர்கிட்ட எப்படிக் கரைக்கிறதுன்னு கேட்டுக்குங்க. குழந்தை வாய் வச்ச மிச்சத்தை ஒரு மணி நேரத்துல கொட்டிடணும். அந்த விலைக்குக் கொட்ட மனசு வராது, ஆனாலும் கொட்டணும். அதனாலதான் சின்னதா கரைக்கச் சொல்றாங்க.

நிலாக்குட்டி அம்மா

ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். பாதிக்குப் பாதியில வந்து நின்னுட்டா, அதுக்கு மேல ஏத்தினா துப்பல். அங்கயே இன்னும் ஒரு நாள் இருந்துட்டு, தூக்கம் கலையற நேரத்துல அத்தை பாலாடையில குடுத்தாங்க. குடிச்சா. இன்னைக்கு முக்கால் பங்கு புதுப் பால். முகத்தைச் சுளிச்சுக்கிட்டேதான் குடிக்கிறா, ஆனா விழுங்குறா!

மலம் கரும்பச்சையா, ரொம்ப நாத்தமா போகுது. இது சரிதானா? குடிக்கிற அளவும் முன்னை விடக் குறைச்சல்தான்.

மாத்திரைப்பெட்டி, மதுரை

சந்தோஷம்! பச்சை மலம் இந்த ஃபார்முலாவுக்கு வழக்கமானதுதான், நாத்தமும் சேர்த்து. ரத்தம்தான் குறையணும்.

அளவு குறையற நாள்ல பாட்டிலை விட நாப்கினைப் பாருங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போனா தண்ணி சேருதுன்னு அர்த்தம். ஆறு எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, உச்சிக்குழி பள்ளமா இருக்கு, வாய் உலர்ந்துருக்கு, துவண்டு தூங்கிட்டே இருக்கான்னா, இங்க எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. வாரம் ஒரு தடவை அதே தராசுல எடை போடுங்க.

அடையாறு ஆலமரம், சென்னை

முழுசாக மாறிய நாளிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் கணக்கு வையுங்கள். வயிறு முதலில் தேறும், சொறி ஆற இன்னும் நாளாகும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஹைட்ரோலைஸ்டே போதும். முழுசாகக் குடித்தும் ரத்தம் நிற்கவில்லை, எடை ஏறவில்லை என்றால்தான் அமினோ ஆசிட் ஃபார்முலாவுக்குப் போவார்கள். எங்கள் மகள் அதில்தான் வளர்ந்தாள். டப்பாவைத் திறந்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு வாடை அடிக்கும், ஆனால் அவள் அதை ஹைட்ரோலைஸ்டை விட விரும்பிக் குடித்தாள்.

தேறினதும் டாக்டர் பழைய பாலைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். தாமத வகையில் நோய் இதுதான் என்று உறுதி செய்ய அதுவே வழி. கேட்டதும் பதறாதீர்கள், ஆனால் அவர் சொல்லாமல் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

வைகறை, சேலம்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு எட்டு மாசம், அவனும் இதே ஃபார்முலாதான், பாட்டில்ல கொஞ்சம்தான் குடிக்கிறான். கேழ்வரகுக் கூழ்ல இந்தப் பாலையே ஊத்திக் காய்ச்சலாமா? அடுத்த மாசம் கோயில்ல வச்சு சோறூட்டுறோம், அங்க பால் பாயசம்தான் ஊட்டுவாங்களாம்.

கீழத்தெரு ஆச்சி, காரைக்குடி

தாராளமா சேருங்க தம்பி, ஆனா சேர்த்துக் காய்ச்ச வேணாம். கூழைத் தண்ணியிலயே கெட்டியாக் காய்ச்சி எறக்கி ஆறவச்சுட்டு, கரைச்சு வச்ச ஃபார்முலாவை மேல ஊத்திக் கலக்குங்க. மசிச்ச வாழைப்பழம், சக்கரவள்ளிக்கெழங்குலயும் அப்படியே கலக்கலாம், அந்த இனிப்புல கசப்பு தெரியாது. அந்த ருசி நாக்குல ஏறிருச்சுன்னா பாட்டில்லயும் கொஞ்சம் கொஞ்சமாக் கூடும்.

சோறூட்டுக்கு நீங்களே பச்சரிசியைக் கொழைய வேகவச்சு, வெல்லம் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு சின்னக் கிண்ணத்துல கொண்டு போங்க. தேங்காயும் வெல்லமும் அதுக்கு முந்தியே வீட்டுல ஒரு தடவை குடுத்துப் பார்த்துருங்க. குருக்கள்கிட்ட முன்னாடியே போயி, புள்ளைக்குப் பாலும் நெய்யும் ஆகாதுன்னு சொல்லிருங்க. பாயசத்தைச் சாமிக்குப் படைக்கட்டும், புள்ளைக்கு உங்க கிண்ணம். ஊட்ட வர்ற சித்தப்பா, மாமா எல்லார்கிட்டயும் அதே சேதியைச் சொல்லிருங்க, ஆசையில ஒரு விரல் பாயசத்தைத் தொட்டு வச்சிருவாங்க.

வைகறை, சேலம்

குருக்கள்கிட்ட இன்னைக்கே பேசிடறேன் ஆச்சி. ரொம்ப நன்றி.